‘நான் மூடனல்லன்’

சிங்கப்பூரில் 2002ஆம் வருஷம் வெளிவந்து, ஜனங்கள் குடும்பம் குடும்பமாகச் சென்று பார்த்துச் சிரித்தும் கண்கலங்கியும் திரும்பிய படம் ஒன்று உண்டு. அதன் பெயர் ‘ஐ நாட் ஸ்டுப்பிட்’. ‘நான் மூடனல்லன்’ என்பது அதன் பொருள். ஜாக் நியோ என்பவர் எழுதி இயக்கியதோடு, தாமே ஒரு தகப்பனாராகவும் அதில் நடித்திருக்கிறார். அதன் மூன்றாம் பாகம் 2024இல் வந்தது. முதற்படம் எந்தத் தரம்பிரிக்கும் ஏற்பாட்டைக் கண்டித்ததோ, அந்த ஏற்பாடு உயர்நிலைப் பள்ளிகளில் பெயரளவிலேனும் கைவிடப்படத் தொடங்கியதும் அதே 2024இல்தான். ஆகவே, முதற்படத்தை மறுபடி எடுத்துப் பார்த்து, அது சொன்னது எவ்வளவு, சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது தகும் என்று கருதுகிறோம்.

கதை மூன்று சீனச் சிறுவர்களைப் பற்றியது. டெரி கூ என்பவன் பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளை. தகப்பனார் வாட்டிய இறைச்சி விற்கும் வியாபாரி. லியூ கோக் பின் நடுத்தரக் குடும்பத்தவன். கணக்கு வராது, சித்திரம் கைவந்த வித்தை. ஆங் பூன் ஹோக், மீ விற்கும் தாய்க்குக் கைகொடுத்துக்கொண்டே படிப்பவன். மூவரும் ‘ஈ.எம்.3’ என்னும் வகுப்பிலே இருக்கிறார்கள்.

ஈ.எம்.3 என்பது என்ன என்று தோட்டப்புறத்து வாசகர்கள் கேட்கக்கூடும். கோ கெங் சுவீ தலைமையில் 1979இல் வெளிவந்த அறிக்கையைத் தொட்டு, சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பிள்ளைகளைத் தரம்பிரிக்கும் முறை ஏற்பட்டது. இப்படம் வெளிவந்த காலத்தில், நான்காம் வகுப்பின் முடிவிலே, பத்து வயதுக் குழந்தைகள் எழுதும் பரீட்சையைக் கொண்டு அவர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்தார்கள். மூன்றாவதின் பெயரே ஈ.எம்.3. முறையை வகுத்தவர்களிடமும் ஒரு நியாயம் இருந்தது. பாடம் புரியாத பிள்ளை பள்ளியை விட்டே ஓடிவிடுகிறது; அதற்கேற்ற வேகத்தில் கற்பித்தால் தங்கும் என்றார்கள். இதை நாம் மறைக்கவில்லை. ஆனால், பத்து வயதுக் குழந்தையின் நெற்றியிலே ஒரு எண்ணை எழுதிவிட்டு, ‘இது உன் வேகத்தை மட்டுமே குறிக்கிறது’ என்றால் அக்குழந்தை நம்புமா? அக்கம்பக்கத்தார்தாம் நம்புவார்களா? 2008இல் ஈ.எம்.3 ஒழிந்தது. அந்த எண்ணைச் சுமந்து வளர்ந்தவர்கள் ஒழிந்துவிடவில்லை.

படத்தின் சிறப்பைச் சொல்லாமல் குறையை மட்டும் சொல்வது நேர்மையாகாது. டெரியின் தாயார் பாத்திரம் மிகவும் பொருத்தமாக அமைந்திருக்கிறது. மகன் என்ன உடுப்பது, என்ன உண்பது, யாருடன் பேசுவது என்று சகலத்தையும் அந்த அம்மையே தீர்மானிக்கிறாள். எல்லாம் அவனுடைய நன்மைக்கே என்கிறாள். அவளிடம் சர்க்காரின் சாயலைக் கண்டு சிரித்தவர்கள் பலர். கோக் பின்னின் தாயாரோ பிரம்பெடுத்து அடிக்கிறாள். ஆயினும் படம் அவளைப் பேயாகக் காட்டவில்லை. பயத்தினால் அடிக்கிறாள், பாசத்தினால் பயப்படுகிறாள் என்பது நமக்குப் புரிகிறது. இந்த இடங்களிலெல்லாம் ஜாக் நியோவின் கண் கூர்மையானது.

நிற்க. கதையைச் சொல்பவன் யார் என்று கவனிக்க வேண்டும். பணக்காரப் பிள்ளையாகிய டெரியே சொல்கிறான். மீ கடைக்காரியின் மகன் சொல்லவில்லை. செல்வந்தர் மகனும் கடைக்காரியின் மகனும் ஒரே கடைசி வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகக் காட்டியவுடன், பார்ப்பவர் மனத்தில் ஒரு தப்பெண்ணம் பதிகிறது. ‘பாருங்கள், இந்த முறையில் ஏழை பணக்காரன் பேதமில்லை, மந்தபுத்தி யாருக்கும் வரும்’ என்பதே அது. அப்படி அரிதாக நேர்வதும் உண்டுதான். ஆனால் அரிதை எடுத்து நடுவில் வைத்துவிட்டபடியால், வகுப்பு வித்தியாசத்தைப் பற்றிய கேள்வி மூளையைப் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது. நாம் இதையே இப்படத்தின் மூலக்குறை என்கிறோம்.

தலைப்பையே பாருங்கள். ‘நான் மூடனல்லன்’ என்பது ஒரு முறையீடு. ஊரார் திருடன் என்று சொல்லும்போது ‘நான் திருடனல்லன்’ என்று முறையிடுவது சரியே. ‘நீ தாழ்ந்த ஜாதி’ என்று சொல்லும்போது ‘ஐயோ, நான் அந்த ஜாதியல்லவே’ என்று முறையிடுபவனை நாம் என்னவென்று சொல்வோம்? அவன் தன் அவமானத்தைத் துடைத்துக்கொண்டு, ஜாதியை அங்கேயே விட்டுவைக்கிறான். கோக் பின்னின் மீட்சியும் இவ்விதமானதே. சர்வதேசச் சித்திரப் போட்டியிலே பரிசு வருகிறது. உடனே வீடும் பள்ளியும் அவனை மதிக்கின்றன. பரிசு வராதிருந்தால்? கணக்கும் வராது, சித்திரமும் வராது, வெறுமனே நல்ல பிள்ளையாக மட்டும் இருக்கிற ஒருவன் அந்த வகுப்பில் இருந்திருந்தால், அவனுக்கு இப்படம் என்ன சொல்கிறது? ஒரு ஏணியில் ஏறமுடியாதவனுக்கு இன்னொரு ஏணியைக் காட்டுகிறதே ஒழிய, ஏணியின்றியும் மனிதன் மதிப்புக்குரியவன் என்று சொல்ல அதற்கு வாய் வரவில்லை. அக்காலத்துப் பிரதம மந்திரி கோ சோக் டோங் 2002ஆம் வருஷத்துத் தேசிய தினக் கூட்ட உரையில் இப்படத்தைப் பாராட்டியது இதனாலே நமக்கு வியப்பளிக்கவில்லை. பாராட்டக்கூடிய அளவுக்கே அது குத்தியது.

சொல்லாமல் விட்டதில் பெரியது, அந்தக் கடைசி வகுப்புக்கு எதிர்முனையில் இருக்கும் பெரிய பள்ளிகள். 1823இல் ராஃபிள்ஸ் தம் கல்வி நிலையத்துக்கு அஸ்திவாரமிட்டபோது, சுதேசிகளில் மேல்நிலையிலுள்ளவர்களின் புத்திரர்களுக்குக் கல்வி கொடுப்பதைத் தம் நோக்கங்களில் ஒன்றாகவே எழுதிவைத்தார். பிற்காலத்தில் அப்பள்ளி, பரீட்சையில் தேறிய எவரும் நுழையலாம் என்ற நிலையை அடைந்ததும், கடைக்காரர் பிள்ளைகளும் குமாஸ்தா பிள்ளைகளும் அங்கே படித்து மேலே வந்ததும் உண்மை. ஆனால் மேலே வந்தவர்கள் செல்வமும் சேர்த்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முன்பே டியூஷன் ஆசிரியரும், புத்தக அலமாரியும், தனி அறையும் கிடைத்தன. பரீட்சைத்தாள் எல்லோருக்கும் ஒன்று. அதை எழுத உட்காருமுன் கழிந்த பன்னிரண்டு வருஷங்கள் ஒன்றல்ல. லீ குவான் யூ 2011இல் வெளியிட்ட விவரப்படி, பேர்பெற்ற பள்ளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் அல்லது அதற்கும் மேற்பட்டோரின் தகப்பனார்கள் பட்டதாரிகள். அக்கம்பக்கப் பள்ளிகள் சிலவற்றிலோ பத்தில் ஒருவர் அளவே. ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் தலைமையாசிரியர் சான் போ மெங் 2015இல் நிறுவனர் தின உரையிலே, தம் பள்ளி நடுத்தர வகுப்பாரின் பள்ளியாகிவிட்டது என்றும், கண்ணெதிரே நிற்கும் மேட்டிமையைக்கூடத் தம்மவர்கள் காணத் தவறுகிறார்கள் என்றும் வெளிப்படையாகக் கூறினார். அந்தப் பிரசங்கத்திலிருந்த துணிவு படத்தில் இல்லை என்பது நம் அபிப்பிராயம்.

பரீட்சையாவது பரவாயில்லை. ஆரம்பப் பள்ளியின் முதல் வகுப்பில் சேர்வதற்குப் பரீட்சையே கிடையாது. பழைய மாணவரின் பிள்ளைக்கு முன்னுரிமை உண்டு. இடம் போதாதபோது பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்பவருக்கு முன்னுரிமை. ஆறு வயதுக் குழந்தை எந்தத் திறமையினால் தாத்தா படித்த பள்ளியையும், புக்கிட் தீமாவில் தகப்பனார் வாங்கிய வீட்டையும் சம்பாதித்தது என்று யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறோம்.

புக்கிட் தீமா சாலை தொடங்குவது நம் தேக்காவிலேதான். சந்தையில் மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு வெளியே வருபவர் அதே சாலையில் பஸ் ஏறிப் போனால், சீமான்களின் மாளிகைகளையும் கீர்த்திபெற்ற பள்ளிகளையும் வரிசையாகக் காணலாம். அவற்றுள் ஹுவா சோங் போன்றவை சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். சீன மொழியை வளர்க்க 1979இல் ஏற்பட்ட திட்டம் அது. தாய்மொழியாகச் சீனத்தைக் கற்பவருக்கென்றே அமைந்தது. தமிழைத் தாய்மொழியாகக் கற்கும் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாயினும் அங்கே அவனுக்கு இடமில்லை. சீனர் தம் மொழியைப் பேணுவதில் நமக்குப் பொறாமை சற்றுமில்லை. கடைசித் தமிழ்ப்பள்ளியாகிய உமறுப்புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டதை நினைக்கும்போது மட்டும் மனம் உறுத்துகிறது.

பிறரைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வது நமக்கு அழகல்ல. அமரர் ராஜரத்தினம் நம்மவர். ரப்பர்த் தோட்டத்திலே வளர்ந்து, ராஃபிள்ஸ் கல்வி நிலையத்திலே படித்தவர். தோட்டத்துப் பிள்ளை ராஃபிள்ஸுக்குப் போகவில்லையா என்று அவரைக் காட்டி மார்தட்டுவோர் உண்டு. அவர் தோட்டத்துப் பிள்ளைதான், ஆனால் மேற்பார்வையாளரின் பிள்ளை; பால்வெட்டியின் பிள்ளையல்லர். பால்வெட்டியின் பிள்ளைக்கு அக்காலத்து மலாயாவில் கிடைத்தது தோட்டத்து லயத்தருகே ஒரு கொட்டகைப் பள்ளி. அதே மலாயாவில், மலாய்ப் பிரபுக்களின் புத்திரர்களுக்கென்று 1905லேயே கோலகங்சாரில் கல்லூரி எழுந்துவிட்டது. ராஜரத்தினம் 1966இல் எழுதித் தந்த தேசியப் பற்றுறுதியிலே இனம், மொழி, மதம் மூன்றும் பேதமாகாது என்ற உறுதி இருக்கிறது. செல்வம் என்ற நான்காவது பேதம் அதில் சேரவில்லை. அன்று எல்லோரும் ஏழைகளாயிருந்ததால் தோன்றவில்லை போலும்.

இன்றோ நம் கலியாண வீடுகளிலே, ‘எந்த ஊர், என்ன ஜாதி’ என்று கேட்கக் கூசும் கனவான்கள், ‘பிள்ளை எந்தப் பள்ளி’ என்று கூசாமல் கேட்கிறார்கள். பதிலைக் கேட்டதும் முகத்தில் தோன்றும் மாறுதல் மட்டும் பழைய மாறுதலேதான். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையை நிறைக்கும் தொழிலாளரைக் கண்டு, பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகும் தமிழ்ப் பெற்றோரையும் நாம் கண்டிருக்கிறோம்.

படத்துக்கே திரும்புவோம். டெரி பரீட்சையில் தோற்றாலும் தகப்பனாரின் வியாபாரம் அவனுக்கு இருக்கிறது. கோக் பின்னுக்குச் சித்திரம் இருக்கிறது. மூவரில் தைரியசாலியும், உழைக்கத் தெரிந்தவனுமான பூன் ஹோக்குக்கு என்ன இருக்கிறது என்று படம் சொல்லவில்லை. கதையில் பத்துப் பன்னிரண்டு வயதான அவன் உயிருள்ள மனிதனாயிருந்தால், இன்று முப்பது கடந்தவனாய், தானே ஒரு தகப்பனாயிருப்பான். அந்தக் குழந்தையை முதல் வகுப்பில் சேர்க்க, பழைய மாணவன் என்ற பாத்தியதையும் இன்றி, ஒரு கிலோமீட்டருக்குள் வீடும் இன்றி, எந்தப் பள்ளியின் வாசலில் போய் நிற்பான்?