கைப்பிடியை நீட்டுவதா, லைனை மாற்றுவதா?

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் பல இடங்களில் தூண்டில்காரருக்குப் பின்னால் இடமே கிடையாது. செங்குத்தான மேடு, இல்லையென்றால் மரம். செயற்கை ஈ கட்டிய லைனைப் பின்னால் நீளப் பறக்கவிட்டு முன்னால் எறியும் வழக்கமான வீச்சு அங்கே கிளையில் சிக்கித்தான் முடியும். 19ஆம் நூற்றாண்டில் அங்கே சால்மன் பிடித்தவர்கள் கண்ட மாற்றுவழிதான் ஸ்பே வீச்சு. லைனின் நுனியை ஒரு கணம் நீரில் படியவிட்டு, மிச்சத்தைக் கழிக்குப் பின்னால் ஒரு பெரிய வளையமாகத் தொங்கவிட்டு, அந்த வளையத்தின் எடையிலேயே கழியை வளைத்து முன்னால் எறிவார்கள். அவர்கள் பிடித்திருந்தது இரண்டு கையாலும் வீச வேண்டிய நீளக் கழி.

அந்த வீச்சை இன்று ஒன்பது அடி ஒற்றைக் கைக் கழிக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். வீச்சுப் பயிற்றுநர் சைமன் காஸ்வொர்த் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். ட்ரௌட் பிடிக்கும் சிற்றாறுகளில் இதன் பயன் உடனே தெரியும். ஈ நீரோட்டத்தோடு போய்க் கீழே நின்றதும், அதை மறுபடி ஆற்றின் குறுக்கே அனுப்ப, வழக்கமான முறையில் காற்றிலேயே இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஆட்டித் திசையைத் திருப்ப வேண்டும். ஸ்பே வீச்சில் ஒரே தொடரசைவில் திசை மாறிவிடும். ஈ காற்றில் இருக்கும் நேரம் குறைய, நீரில் இருக்கும் நேரம் கூடுகிறது. மீன் இருப்பது நீரில்தானே.

கேள்வி, ஒற்றைக் கைக் கழியை இதற்கு எப்படித் தயார் செய்வது என்பதுதான். சிலர் ரீலுக்குக் கீழே சில அங்குலக் கைப்பிடி ஒன்றைப் பொருத்தி, கழியை இரட்டைக் கைக் கழியாக்கப் பார்க்கிறார்கள். சிலர் கழியைத் தொடாமல் லைனை மட்டும் மாற்றுகிறார்கள். இரண்டாவதே சரி என்பது என் உறுதியான எண்ணம். அதிலும் குறைகள் உண்டு.

முதலில் லைன். கழியின் எண் அதற்கு உரிய லைனின் எடையைக் குறிப்பது. 6ஆம் எண் கழிக்கு உரிய லைனின் முதல் 30 அடி 160 கிரெயின், அதாவது பத்து கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். லைன் முழுவதும் பின்னால் நீண்டு பறக்கும் வீச்சை மனத்தில் வைத்து வகுத்த கணக்கு இது. ஸ்பே வீச்சில் லைனின் ஒரு பகுதி நீரில் ஒட்டிக் கிடக்கிறது. பின்னால் தொங்கும் வளையம் மட்டுமே கழியை வளைக்கிறது. அதனால்தான் அதே கழிக்கு 225 கிரெயின் அளவில் ஸ்காகிட் வகைத் தலைப்பகுதியை, அதாவது லைனின் முன்பக்கம் வரும் கனத்த பகுதியைப் பரிந்துரைக்கிறார்கள். எண்களை மட்டும் பார்த்தால் கழி தாங்காது என்று தோன்றும். அந்த எடை முழுவதும் ஒருசேரக் கழியின் மேல் விழுவதில்லை என்பதால் தாங்குகிறது. அதே தலைப்பகுதியைப் பழக்கதோஷத்தில் தலைக்கு மேல் சுழற்றி முழு வேகத்தில் அடித்தால் கழிக்கு ஆபத்து.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் மீன் பிடித்தவர்கள் உருவாக்கிய இந்தத் தலைப்பகுதி குட்டையானது, தடித்தது. அமிழும் நுனியையும் கனத்த ஈயையும் இழுத்துக்கொண்டு போகும். குளிர்காலத்தில் ஆழத்தில் ஒதுங்கியிருக்கும் மீனை எட்ட இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் தெளிந்த, மெல்லோட்ட நீரில் இது தொப்பென்று விழும். மிதக்கும் ஈயைப் பூப்போல இறக்க முடியாது. ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால், பின்தொடரும் மெல்லிய லைனைக் கையால் உள்ளே இழுத்தாக வேண்டும். அந்த மெல்லிய லைனைத் தூக்கி நீரில் இடம் மாற்றி வைக்கவும் முடியாது. ஓட்டம் ஈயை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சிற்றாற்றில், நாற்பது ஐம்பது அடிக்குள் வீசுபவருக்கு, இரு முனையும் மெலிந்து நடு முழுவதும் ஒரே தடிமனாக வரும் பழைய டபுள் டேப்பர் லைனே என் தேர்வு. கழிக்குரிய எண்ணுக்கு ஒரு எண் கூடுதலாகப் போட்டால் போதும். எவ்வளவு நீளம் வெளியே இருந்தாலும் தடித்த பகுதியே கழி நுனியில் இருப்பதால், இழுத்துச் சுருட்டாமலே அப்படியே தூக்கி வீசலாம். நீரில் கிடக்கும் லைனை விரும்பியபடி நகர்த்தலாம். கடைகளில் இன்று எல்லோரும் கேட்பது குட்டைத் தலைப்பகுதிகளை என்பதால் இது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. அது நியாயமே இல்லை.

இனி அந்தக் கைப்பிடி. இரட்டைக் கை வீச்சில் கீழ்க்கையின் இழுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்வீடனின் வீச்சு வல்லுநர் யோரான் ஆண்டர்சன் தன் பாணியையே அதன் மேல்தான் கட்டினார். அந்த நெம்புவிசையைச் சில அங்குலத்தில் பெறலாம் என்பது உண்மையே. தோள்வலி, மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அவர்கள் பொருத்திக்கொள்வதை நான் குறை சொல்லமாட்டேன். மற்றவர்களுக்கோ இழப்புதான் அதிகம். ஒற்றைக் கைக் கழியின் பெரிய பலம், வீசும் கணத்தில் மறுகையால் லைனைச் சுண்டி இழுத்து வேகம் கூட்டுவது. ஸ்பே வீச்சிலும் அந்தச் சுண்டல் நன்றாகவே வேலை செய்கிறது. நீரில் ஒட்டிய லைனைப் பிய்த்தெடுக்கவும் உதவுகிறது. மறுகை கைப்பிடிக்குப் போய்விட்டால் சுண்ட ஆளில்லை. ஒரு பலத்தைக் கொடுத்து அதைவிடச் சிறிய பலத்தை வாங்குகிறோம். அடிமுனை கனத்துச் சமநிலை கெடுகிறது. கழியோ அதே ஒன்பது அடிதான், பின்வளையத்தைப் பெரிதாக்கும் நீளம் அதற்கு வந்துவிடாது. அகன்ற ஆற்றில் இரண்டு கையாலும் வீச ஆசைப்படுபவர், பதினோரு அடியில் வரும் இலேசான ட்ரௌட் ஸ்பே கழி வாங்குவதே மேல்.

எந்த வழியில் போனாலும் இரண்டு விஷயத்தில் அலட்சியம் கூடாது. ஸ்பே வீச்சின் வளைந்த அசைவுகள் கழியை முறுக்குகின்றன. துண்டுகள் சேரும் மூட்டு மெல்ல மெல்லத் தளர்ந்து, தளர்ந்த இடத்தில் உடையும். மூட்டின் மேல் டேப் சுற்றலாம், இடையிடையே தொட்டுப் பார்த்து இறுக்கலாம். மற்றது காற்று. ஆறு ஓடும் திசையில் காற்று அடித்தால், நுனியை ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் படியவிடும் டபுள் ஸ்பே; ஓட்டத்துக்கு எதிராக அடித்தால், மேல்பக்கம் படியவிடும் சிங்கிள் ஸ்பே. நீரில் படியும் நுனி எப்போதும் காற்று போகும் பக்கமாக இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் முள் வீசுபவரின் முகத்துக்கே திரும்பி வரும். கண்ணாடி அணியாமல் இதைப் பழகவே கூடாது.