பெயர் அறிந்து வகை அறியாமை: பைத்தானின் 'சிடைப்ஸ்' நிரலகம் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சி மொழியில் எழுதித் தொகுக்கப்பட்ட நிரலகம் ஒன்றைப் பைத்தான் போன்ற உரைநிரல் மொழி, தான் இயங்கிக்கொண்டிருக்கும்போதே நினைவகத்தில் ஏற்றி, அதன் செயற்கூறுகளை அழைக்க இயலும். இதற்கெனப் பைத்தானுடன் வழங்கப்படும் சிடைப்ஸ், தனக்குச் சொல்லப்படாத தரவு வகைகளைத் தானே ஊகித்துக்கொள்கிறது. அவ்வூகம் தமிழ் உரையைக் கையாளுமிடத்துப் பிழைச்செய்தி ஏதுமின்றித் தவறான எண்களைத் தருகிறது என்பதையும், அக்குறைக்குப் பயனரின் கவனக்குறைவை மட்டும் காரணமாக்குதல் பொருந்தாது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கணித்தமிழ், பைத்தான், சிடைப்ஸ், இயக்கநேர ஏற்றம், ஒருங்குறி, எழுத்தெண்ணிக்கை

முன்னுரை

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன? இலக்கணம் கற்றவர் 3 என்பார். பைத்தான் மொழியில் நீளம் காணும் செயற்கூறு 5 என்னும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி ஆகிய ஐந்தும் ஒருங்குறியில் தனித்தனிக் குறியெண் பெற்றவை. அதே சொல்லை யுடிஎஃப்-8 முறையில் குறியாக்கி, சி மொழியின் 'ஸ்ட்ர்லென்' செயற்கூற்றிடம் கொடுத்தால் 15 என்னும் விடை வரும். தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் அம்முறையில் 3 பைட் இடம் பெறுகிறது. இம்மூன்று விடைகளுள் எதுவும் பிழையன்று. கேட்கப்பட்ட கேள்விகளே வெவ்வேறானவை.

அதே ஸ்ட்ர்லென் செயற்கூற்றைப் பைத்தான் 3-இலிருந்து சிடைப்ஸ் வழியாக, வேறெந்த முன்னேற்பாடும் செய்யாமல் அழைத்து, மேற்கோள் குறிக்குள் 'தமிழ்' என்று கொடுத்துப் பார்க்கலாம். லினக்ஸ் கணினியில் விடை 2. விண்டோஸ் கணினியில் விடை 10. இவ்விரு எண்களும் எக்கேள்விக்கும் உரிய விடைகள் அல்ல. ஆயினும் நிரல் நிற்பதில்லை; எச்சரிக்கையும் தருவதில்லை. சொல் நீளம், சொல் வருகை எண்ணிக்கை, யாப்பு அளவீடு என இன்று தமிழாய்வில் பெருகிவரும் கணக்கீடுகள் பலவும் பைத்தானில் எழுதப்படுகின்றன. அவ்வகை ஆய்வின் அட்டவணையில் இத்தகைய எண் ஒன்று நுழைந்துவிட்டால் அதனைப் பின்னர் இனங்காண்பது அரிது. எனவே இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன என்பதை ஆராய்வது தேவையாகிறது.

1. தொகுக்கப்பட்ட நிரலகத்தில் எஞ்சுவது

சி நிரலின் மூலத்தில் ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் ஓர் அறிவிப்பு உண்டு. உள்ளீடுகள் எத்தனை, ஒவ்வொன்றும் முழு எண்ணா, பின்ன எண்ணா, நினைவக முகவரியா, திருப்பித் தரப்படுவது எவ்வகையைச் சார்ந்தது ஆகிய செய்திகள் அதில் அடங்கும். தொகுப்பி இவ்வறிவிப்புகளைத் தலைப்புக் கோப்புகளிலிருந்து படித்து, ஒவ்வோர் அழைப்பையும் அவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறது. தொகுத்து முடித்தபின் அவ்வறிவு நிரலகத்தை விட்டு நீங்கிவிடுகிறது. லினக்ஸில் பகிர்வு நிரலகக் கோப்பின் குறியீட்டு அட்டவணையைத் திறந்து பார்த்தால், செயற்கூற்றின் பெயர், முகவரி, அளவு, அது செயற்கூறா தரவா என்னும் குறிப்பு ஆகியவை கிடைக்கும். உள்ளீடுகளின் வகை அங்கில்லை. (பிழைநீக்கத்திற்கான கூடுதல் தகவல் சேர்க்கப்பட்டிருப்பின் வகைகளும் இருக்கும், பயனருக்கு வழங்கப்படும் கோப்புகளில் அது பெரும்பாலும் களையப்பட்டிருக்கும்.)

லினக்ஸின் 'டிஎல்ஓப்பன்', 'டிஎல்சிம்' ஆகிய இரண்டும், விண்டோஸின் 'லோட்லைப்ரரி', 'கெட்ப்ராக்அட்ரஸ்' ஆகிய இரண்டும் இந்நிலையிலேயே பணிசெய்கின்றன. முதலாவது கோப்பை நினைவகத்தில் ஏற்றும்; இரண்டாவது பெயரைப் பெற்று முகவரியைத் தரும். அம்முகவரியில் உள்ள செயற்கூறு எதை எதிர்பார்க்கிறது என்பதை இவை சொல்வதில்லை.

வகை தெரியாமல் முகவரியை மட்டும் கொண்டு அழைப்பதில் உள்ள இடர்ப்பாடு யாது? 64 பிட் இன்டெல், ஏஎம்டி செயலிகளில் இயங்கும் லினக்ஸில் முழு எண்களும் முகவரிகளும் ஆகிய உள்ளீடுகளுள் முதல் ஆறு, பொதுப் பதிவகங்கள் ஆறில் வைக்கப்படுகின்றன. பின்ன எண்கள் வேறொரு தொகுதிப் பதிவகங்களில் வைக்கப்படுகின்றன. ஆகவே, உள்ளீடு எவ்வகையது என்று அறியாதவர் அதை எங்கு வைப்பது என்றே அறியார். அழைக்கப்பட்ட செயற்கூறோ தனக்குரிய பதிவகத்தில் எது கிடக்கிறதோ அதையே உள்ளீடாகக் கொள்ளும். இடையில் நின்று சரிபார்ப்பார் எவருமிலர்.

2. சிடைப்ஸ் செய்யும் ஊகம்

தாமஸ் ஹெல்லர் உருவாக்கிய சிடைப்ஸ், 2006-இல் வெளியான பைத்தான் 2.5 பதிப்பு முதல் அம்மொழியின் செந்தர நிரலகங்களுள் ஒன்றாக இருந்துவருகிறது. பதிவகங்களில் உள்ளீடுகளை இட்டு அழைக்கும் அடிநிலைப் பணியை அது 'லிப்எஃப்எஃப்ஐ' என்னும் சி நிரலகத்திடம் ஒப்படைக்கிறது. சிடைப்ஸின் நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. அது வருமுன், சி நிரலகம் ஒன்றைப் பைத்தானில் பயன்படுத்தப் பெரும்பாலும் இடைநிரல் ஒன்றைச் சி மொழியில் எழுதித் தொகுக்க வேண்டியிருந்தது. தொகுப்பி நிறுவப்படாத கணினியில், குறிப்பாக விண்டோஸில், மாணவர் ஒருவருக்கு அது எளிதில் கடக்கக்கூடிய தடையன்று. சிடைப்ஸ் அத்தடையை நீக்கி, நான்கைந்து வரிகளில் பணியை முடித்துத் தந்தது.

ஆனால் நீக்கப்பட்ட இடைநிரல் ஒரு பணியைச் செய்துகொண்டிருந்தது. அது தலைப்புக் கோப்பைச் சேர்த்துத் தொகுக்கப்பட்டதால், வகைகளைப் பற்றிய அறிவு அதனுள் இருந்தது. சிடைப்ஸில் அவ்வறிவைப் பயனரே 'ஆர்க்டைப்ஸ்', 'ரெஸ்டைப்' ஆகிய இரு பண்புகளின் வழியாகத் தரவேண்டும். தராவிட்டால் என்ன செய்வது என்பதே வடிவமைப்பாளர் முன் நின்ற வினா. அழைக்க மறுப்பது ஒரு விடை. சிடைப்ஸ் தேர்ந்தெடுத்தது மற்றொன்று: திருப்பித் தரப்படுவது சி மொழியின் முழு எண் என்று கொள்வது, உள்ளீட்டின் வகையைப் பைத்தான் மதிப்பைப் பார்த்து ஊகிப்பது.

முதல் ஊகம் சி மொழியின் பழைய வழக்கத்தை நினைவூட்டுகிறது. வகை சொல்லப்படாத இடத்தில் முழு எண் என்று கொள்வது தொடக்கக் காலச் சி மொழியின் மரபு. 1999-ஆம் ஆண்டின் செந்தரம் அம்மரபைக் கைவிட்டது. அறிவிக்கப்படாத செயற்கூற்றை அழைப்பதையும் விலக்கியது. சி மொழியே விலக்கிய ஒன்று, ஏழாண்டுகள் கழித்துப் பைத்தானின் செந்தர நிரலகத்திற்குள் வந்து சேர்ந்தது. 32 பிட் கணினிகளில் முழு எண்ணும் முகவரியும் ஒரே அகலம் உடையனவாதலால் இதன் தீங்கு வெளிப்படவில்லை. 64 பிட் கணினியில் முகவரியின் மேற்பாதி வெட்டுண்டு போகிறது. ஹன்ஸ்பெல் சொற்பிழைத்திருத்தியின் சி இடைமுகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்கச் செயற்கூறு, அகராதியை ஏற்றிவைத்த இடத்தின் முகவரியைத் திருப்பித் தரும். பின்வரும் ஒவ்வோர் அழைப்பிலும் அம்முகவரியைக் கொடுக்க வேண்டும். ரெஸ்டைப் குறிப்பிடாதவருக்குக் கிடைப்பது பாதி முகவரி. அதைக் கொண்டு அடுத்த அழைப்பைச் செய்தால் நிரல் பெரும்பாலும் அங்கேயே முறிந்து விழும். இது துன்பமே எனினும் நேர்மையான துன்பம்; பிழை இருக்கிறது என்பதாவது உடனே தெரிந்துவிடுகிறது.

இரண்டாம் ஊகம் அத்தகையதன்று. இங்கு ஒரு முரண்பாட்டைச் சுட்டுதல் வேண்டும். ஆர்க்டைப்ஸ் குறிப்பிடப்படாத செயற்கூற்றுக்குப் பின்ன எண்ணைக் கொடுத்தால், அதை எவ்வாறு மாற்றுவதெனத் தெரியவில்லை என்று கூறிச் சிடைப்ஸ் அழைக்க மறுத்துவிடுகிறது. சி மொழியில் பின்ன எண் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளில் வருவதால் இம்மறுப்பு முற்றிலும் முறையானது. எழுத்துச்சரமும் சி மொழியில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளில் வருகிறது. எழுத்துச்சரத்திற்கு அம்மறுப்பு இல்லை. பைட் சரமாயின் ஒரு வகை முகவரி, ஒருங்குறிச் சரமாயின் அகல்குறிச் சரத்தின் முகவரி எனச் சிடைப்ஸ் தானே தீர்மானித்து அனுப்பிவிடுகிறது. பின்ன எண்ணில் காட்டிய தயக்கத்தை எழுத்தில் காட்டாதது ஏன் என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் புலப்படவில்லை.

3. 2, 10 ஆகிய எண்களின் தோற்றம்

அகல்குறியின் அளவைச் சி மொழியின் செந்தரம் வரையறுக்கவில்லை. லினக்ஸில் அது 4 பைட். விண்டோஸில் 2 பைட். தகரத்தின் ஒருங்குறிக் குறியெண் பதினறும முறையில் 0பிஏ4. லினக்ஸில் இது ஏ4, 0பி, 00, 00 என நான்கு பைட்டுகளாக, சிறு முனை முதலாக அடுக்கப்படுகிறது. ஸ்ட்ர்லென் செய்வதோ சுழியப் பைட் வரும்வரை எண்ணுவது மட்டுமே. அது ஏ4, 0பி என இரண்டை எண்ணி, மூன்றாவதில் சுழியத்தைக் கண்டு நின்றுவிடுகிறது. விடை 2. 'தமிழ்' என்பதற்கு மட்டுமன்று, தமிழ் எழுத்தில் தொடங்கும் எந்தச் சொல்லுக்கும், எந்த நூலுக்கும் லினக்ஸில் இவ்விடையே வரும். தமிழ் எழுத்துகளின் குறியெண்கள் அனைத்தும் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை அமைந்திருப்பதே காரணம்.

விண்டோஸில் நிலை இன்னும் ஏமாற்றுவது. ஒவ்வொரு குறியெண்ணும் 2 பைட்டாக நிற்க, அவற்றுள் ஒன்றுகூடச் சுழியம் ஆவதில்லை. ஆகவே ஐந்து குறியெண்களுக்கு 10 என்று விடை வருகிறது. இச்சொல்லை அடுத்து ஓர் இடைவெளி வந்தால், அதன் குறியெண்ணான 20-ஐ அடுத்து 00 இருப்பதால் எண்ணிக்கை அங்கு நின்றுவிடும். 'தமிழ் மொழி' என்னும் தொடருக்குக் கிடைப்பது 11. ஆங்கிலச் சொல்லாயின் முதல் எழுத்தின் இரண்டாம் பைட்டே சுழியம். எவ்வளவு நீண்ட சொல்லாயினும் விடை 1. அதைக் காணும் ஆங்கிலப் பயனர் ஏதோ தவறு என்று உடனே உணர்வார். தனிச்சொற்களின் பட்டியலைக் கொண்டு பணிசெய்யும் தமிழ் ஆய்வாளர், சொல்லுக்குச் சொல் மாறும், நீண்ட சொல்லுக்கு மிகுந்தும் குறுஞ்சொல்லுக்குக் குறைந்தும் வரும் எண்களைக் காண்பார். ஐயுறுவதற்கு அவற்றில் ஒன்றுமில்லை.

பைத்தான் 2-இல் யுடிஎஃப்-8 கோப்பில் எழுதப்பட்ட சாதாரணச் சரம் பைட் சரமாக இருந்தது. அன்று இதே வரி 15 என்றே விடை தந்தது. 2008-இல் வெளியான பைத்தான் 3-இல் சாதாரணச் சரம் ஒருங்குறிச் சரம் ஆயிற்று. தமிழ் உரையைக் கையாள்வோருக்கு இம்மாற்றம் பெரும் பேறு. எனினும் பழைய நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றியவர் இவ்வரியில் ஓர் எழுத்தையும் திருத்தாமலேயே அதன் பொருள் மாறிவிட்டது.

4. பிற மொழிகள் கண்ட வழி

சி நிரலகங்களை ஏற்றும் வேறு உரைநிரல் மொழிகளை நோக்கின், இந்த ஊகம் தவிர்க்க இயலாததன்று என்பது விளங்கும். டிசிஎல் மொழியும் லுவா மொழியும் எந்த நிரலகத்தையும் இயல்பாக அழைக்க முன்வருவதில்லை. குறிப்பிட்ட பெயருடைய தொடக்கச் செயற்கூறு ஒன்றை நிரலகத்தில் தேடுகின்றன. லுவாவில் அதன் பெயர் 'லுவாஓப்பன்' என்னும் முன்னொட்டைப் பெற்றிருக்கும். அம்மொழிக்கெனவே எழுதப்பட்ட நிரலகமே அதனுள் நுழைய முடியும். உழைப்பு மிகுதி, ஊகத்திற்கு இடமில்லை.

டிசிஎல் மொழியைப் படைத்த ஜான் ஆஸ்டர்ஹவுட், 1998-இல் ஐஇஇஇ கம்ப்யூட்டர் இதழில் எழுதிய கட்டுரையில், உரைநிரல் மொழிகளைக் கூறுகளை ஒட்டும் பசையாகக் கண்டு, வகைக் கட்டுப்பாடு இல்லாமையே ஒட்டுதலை எளிதாக்குகிறது என்று வாதிட்டார். அவ்வாதம் உரைநிரல் மொழியின் உட்புறத்திற்குப் பொருந்தும். ஒட்டும் இடத்தில், அதாவது சி மொழியோடு சேரும் மூட்டில், வகை தேவைப்படுகிறது. டிசிஎல்லில் அதைச் சி மொழியில் எழுதப்பட்ட இடைநிரல் சுமந்தது.

லுவாஜிட் வேறு வழியை மேற்கொண்டது. சி மொழி அறிவிப்பை அப்படியே உரையாகக் கொடுத்த பின்னரே செயற்கூற்றை அழைக்க இயலும். அதனைப் பின்பற்றிப் பைத்தானுக்கென ஆர்மின் ரிகோ, மச்சேய் ஃபியல்கோவ்ஸ்கி ஆகியோர் உருவாக்கிய சிஎஃப்எஃப்ஐ நிரலகத்திலும் அறிவிக்கப்படாத செயற்கூறு கிடைக்காது. குறிச்சுட்டு எதிர்பார்க்கப்படும் இடத்தில் ஒருங்குறிச் சரம் ஏற்கப்படாது. பயனர் அறிவிப்பையே தவறாகப் படியெடுத்தால் இவ்வழியும் காவாது. அதற்காகச் சிஎஃப்எஃப்ஐ தொகுப்பியைக் கொண்டு அறிவிப்பை உண்மைத் தலைப்புக் கோப்புடன் ஒப்பிடும் மற்றொரு முறையையும் வைத்திருக்கிறது. அம்முறைக்குத் தொகுப்பி வேண்டும். சிடைப்ஸ் நீக்கிய தடை அங்கே திரும்பி வருகிறது.

5. ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இவையனைத்தும் சிடைப்ஸின் ஆவணத்தில் சொல்லப்பட்டுள்ளன. படியாதவரின் பிழைக்கு நிரலகம் பொறுப்பாகுமா எனக் கேட்கலாம். திருப்பித் தரும் வகையின் இயல்புநிலை முழு எண் என்பதும், ஒருங்குறிச் சரம் அகல்குறியாகவே அனுப்பப்படும் என்பதும் ஆவணத்தில் இருப்பது உண்மை. நிரலகத்தை முறையாகப் பயன்படுத்துவோர் ஆர்க்டைப்ஸ் வரியை எழுதியே தீர்வர். அவ்வரி இருப்பின் ஸ்ட்ர்லென்னுக்கு 'தமிழ்' என்று கொடுத்தவுடன் வகை பொருந்தவில்லை என்னும் பிழைச்செய்தி வந்துவிடும் என்பதும் உண்மையே.

இவ்விடையில் நிறைவு காண இயலாமைக்குக் காரணம், சிடைப்ஸின் பயனர் யார் என்பதில் உள்ளது. தொகுப்பி வேண்டா, சி மொழி எழுத வேண்டா என்பதே அதன் ஈர்ப்பு. அவ்வீர்ப்பால் வருபவர் அகல்குறிக்கும் குறிக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவராக இருத்தலே இயல்பு. மொழியியல் துறையிலிருந்து நிரலெழுத வந்தவர் இவ்வகையினர். அறிந்தவருக்கு இரண்டு வரி மிச்சமாவதற்காக, அறியாதவர் வாய்மூடிய பிழையை ஏற்கும் ஏற்பாடாக இது அமைந்துவிட்டது. பின்ன எண்ணை மறுக்கும் அதே பிழைச்செய்தியை, ஆர்க்டைப்ஸ் இல்லாத இடத்தில் ஒருங்குறிச் சரத்துக்கும் விரித்தால் போதுமானது. இயங்கிவரும் பழைய நிரல்கள் சில நின்றுபோகும்; அவற்றுள் விண்டோஸின் அகல்குறிச் செயற்கூறுகளை முறையாகவே அழைத்து வந்தவையும் இருக்கும் என்பதால் மறுப்புக்கு முன் ஒரு பதிப்பளவில் எச்சரிக்கையாக வைப்பது தகும்.

அதுவரை, தமிழ்த் தரவைச் சி நிரலகத்திற்கு அனுப்பும் நிரலைச் சோதிக்க 'தமிழ்' என்னும் ஒரு சொல் போதும். விடை 15 எனில் பைட்டுகள் முழுமையாகச் சென்று சேர்ந்துள்ளன. 2 அல்லது 10 எனில் ஆர்க்டைப்ஸ் வரியும் குறியாக்க வரியும் விடுபட்டுள்ளன. 3 என்னும் விடையை ஸ்ட்ர்லென் ஒருபோதும் தராது. அதற்கு ஓப்பன்-தமிழ் போன்று, உயிர்மெய்யை ஓரெழுத்தாகப் பிரித்தறியும் நிரலகத்தையே நாடவேண்டும்.