சமரசமும் சத்திய வேதமும்: மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனைகள் பற்றி ஓர் ஆய்வு

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) தமிழ் உரைநடை வரலாற்றில் பெற்றுள்ள இடம் யாவரும் அறிந்தது. 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் அவர் பெயரை நிலைநாட்டிற்று. அதன் நிழலில் அவருடைய இசைப்பாடல்கள் ஒதுங்கி நிற்கின்றன. அப்பாடல் நூல்களுள் இரண்டின் பெயர்களை அடுத்தடுத்து வைத்து நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. ஒன்று, 1878-இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனை. மற்றொன்று சத்திய வேதக் கீர்த்தனை. 'சத்திய வேதம்' என்பது தமிழகக் கத்தோலிக்கர் தம் சமயத்திற்கு வழங்கிவந்த பெயராகும். ஏனையவற்றுள் சத்தியம் இல்லை அல்லது குறைவு என்பது அத்தொடரின் உட்பொருள். எல்லாச் சமயத்திற்கும் சமரசம் பாடிய நாவே ஒரு சமயத்தை மட்டும் சத்தியம் என்று பாடியது எங்ஙனம்?

இதற்கு இருவகை விடை கூறப்படுதல் உண்டு. பிள்ளையவர்கள் தம் சமய எல்லையைக் கடந்து பொதுநெறி கண்டார் என்பது ஒன்று. அவ்வாறாயின் 1873-இல் திருவருளந்தாதியும், தேவமாதா அந்தாதி முதலிய நூல்களும் பாடியவர் யார் என்ற வினா எஞ்சுகின்றது. சமரசம் என்பது பல சமயத்தாரிடையே பதவி வகித்த ஒருவரின் நாகரிகமேயன்றி வேறன்று என்பது மற்றொன்று. இது நூலைப் படியாமலே கூறத்தக்க விடை. அக்கீர்த்தனைகளில் உள்ள உருக்கம் நாகரிகத்தால் வருவதன்று.

காலச் சூழலையும் எண்ணுதல் வேண்டும். எச்சமயத்தை மேற்கொண்டு ஒழுகினும் வீடு பெறலாம் என்னும் கருத்தை ஒன்பதாம் பத்திநாதர் 1864-இல் வெளியிட்ட பிழைக்கருத்துத் தொகுப்பில் வெளிப்படையாகக் கண்டித்தார். பிற சமயங்களில் உள்ள மெய்ம்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை தள்ளுவதில்லை என்னும் அறிக்கை 1965-இல்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் எழுந்தது. இவ்விரண்டிற்கும் இடையில், கண்டனம் எழுந்த பதினான்காம் ஆண்டில், கத்தோலிக்கக் குடியிற் பிறந்த ஒருவர் சமரசம் என்ற சொல்லைத் தலைப்பிலேயே பொறித்து நூல் வெளியிட்டது சிறிய செயலன்று.

ஆயினும், மெய்ச்சமயம் ஒன்றே என்னும் வழக்குக் காவிரி நாட்டிற்கு மேலைநாட்டார் கொணர்ந்த புதுமை என்று எண்ணிவிடலாகாது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழரிடம் வினாக்கள் விடுத்துப் பெற்ற மறுமொழிக் கடிதங்கள் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சாயின. அவரவர் நெறியில் நின்று நல்லொழுக்கம் காத்தால் கதி உண்டு என்னும் கருத்து அவற்றில் இடம்பெறுகின்றது. அதனையே தமிழர் கொள்கை என்று பொதுமைப்படுத்துவார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தை மறந்தவராவர். உலகாயதர் முதலாகப் பாஞ்சராத்திரிகள் ஈறாகப் பதினான்கு கொள்கையினரை எடுத்துவைத்து மறுக்கும் பகுதி அது. சைவ சித்தாந்தம் பிற சமயங்களைப் பொய்யென ஒதுக்காது. புறப்புறம், புறம், அகப்புறம், அகம் எனப் படிநிலை வகுக்கும். இப்படிமுறையைச் சமரசத்திற்குச் சான்றாகக் காட்டுதல் நம்மிடை வழக்கமாகிவிட்டது. படி என்றால் ஏறிக் கடப்பதற்குரியது. பிறர் நிற்குமிடம் படி, யாம் நிற்குமிடம் மாடம் என்பதும் ஒருமைக் கோட்பாடே. அதன் மொழி மெல்லியது, அவ்வளவே. கிறித்தவருள்ளேயே இப்பூசல் இருந்தது. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் வேத விளக்கமும் லுத்தேரினத்தியல்பும் எழுதியது தரங்கம்பாடிக் கிறித்தவரை மறுத்தற்கேயன்றிச் சைவரை மறுத்தற்கன்று.

இனி, சமரசம் என்னும் சொல்லின் பொருள் வளர்ச்சியைக் காண்போம். தாயுமானவரிடத்து அது வேதாந்த சித்தாந்த சமரசம். ஒரே மரபின் இரு கிளைகளை இணைப்பது. 1865-இல் சமரச வேத சன்மார்க்க சங்கம் நிறுவிய வள்ளலாரிடத்து அது விரிந்தது. 1873-இல் நிகழ்த்திய பேருபதேசத்தில் சமயங்களின்மேல் பற்று வைக்க வேண்டா என்றே அவர் கூறினார். பிள்ளையவர்கள் சமரசம் இவ்விரண்டுமன்று. அவர் சமயங்களை இணைக்கவுமில்லை, துறக்கச் சொல்லவுமில்லை. ஒரு தெய்வத்தின் பெயரையும் சொல்லாது, எல்லாராலும் ஒப்புக்கொள்ளப்படும் இறைப்பண்புகளை மட்டும் விளித்துப் பாடினார். ஆதலின் 'எல்லாச் சமயமும் மெய்' என்பது அந்நூலின் முடிபன்று. 'எச்சமயத்தாரும் தம் கொள்கையில் ஒன்றையும் விட்டுக்கொடாமல் இதனைப் பாடலாம்' என்பதே அதன் அமைப்பு. அவர் நண்பராகிய திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் பாடலாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கராகிய நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் பாடலாம். முந்திய தலைமுறையில் தஞ்சையில் சுவிசேடமே மெய்யென உறுதியாய் நின்ற வேதநாயக சாஸ்திரியாரும் (1774–1864) மறுப்பின்றிப் பாடியிருக்கலாம். (பெயரொற்றுமை கருதி இவ்விரு வேதநாயகரையும் ஒருவராக மயங்குவார் இன்றும் உளர்.) வள்ளலாரின் பேருபதேசத்தை இம்மூவருள் எவரும் ஏற்றிருக்க இயலாது.

பெயர் சொல்லாத இத்தெய்வம் பிள்ளையவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? யான் கருதுவது ஒன்று. இதனைத் துணிபாகக் கூறவில்லை. 1840-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், நீதிமன்றங்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் கங்கை நீரையும் குர்ஆனையும் கொண்டு ஆணையிடும் வழக்கத்தை நீக்கி, எல்லாம் வல்ல கடவுளின் முன்னிலையில் மெய் கூறுவதாக உறுதிமொழி சொல்லும் முறையை வகுத்தது. அக்கடவுட்குப் பெயரில்லை. தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் முனிசீபாக அமர்ந்து, நெல் வழக்கும் நில வழக்கும் கேட்ட பிள்ளையவர்கள் முன், சைவரும் வைணவரும் இசுலாமியரும் அப்பெயரில்லாக் கடவுளைச் சான்று வைத்தே வாய் திறந்திருப்பர். அவ்வழக்குமன்றக் கடவுளே கீர்த்தனையில் இராகமும் தாளமும் பெற்றது போலும். வழக்காளிகளின் சமயத்தை நோக்காது தீர்ப்புக் கூறும் நடுவருக்குத் தம் இல்லத்தில் ஒரு சமயம் இருத்தல் முரணாகாது. சத்திய வேதக் கீர்த்தனை அவர் இல்லத்தது. சமரசக் கீர்த்தனை மன்றத்தது.

எனினும், பெயரை விட்டதனால் கவிதைக்கு நேர்ந்த இழப்பை மறைத்தல் திறனாய்வாளர்க்கு அழகன்று. சோழநாட்டுப் பத்திப்பாடல் ஊர்ப்பெயரால் வாழ்வது. ஐயாறு, இடைமருது, ஆரூர் எனத் தேவாரம் தலந்தோறும் நின்று பாடுகையில் வயலும் வாளையும் மடையும் தாமே பாட்டில் நுழைகின்றன. சாஸ்திரியார் தம் குறவஞ்சியைப் பெத்லெகேமுக்குக் கொண்டுபோயினும் அதற்கும் ஓர் ஊர் உண்டு, ஒரு குறத்தி உண்டு. சமரசக் கீர்த்தனையின் தெய்வத்திற்கு ஊரில்லை. ஆதலின் அத்துதிப் பாடல்களில் ஆறும் இல்லை. அடைமொழிகள் மிகுந்து காட்சி குறைகின்றது. ஆனால் அதே தொகுதியில் குடும்பம், உத்தியோகம் பற்றி அமைந்த கீர்த்தனைகளுக்கு வந்துவிட்டால் நடை உயிர் பெறுகின்றது. மனிதருக்குப் பெயரும் இடமும் தடையாக நில்லாமையே காரணம். அவரும் பெயரின் ஆற்றலை அறியாதவரல்லர். கன்னி மரியாள் மீது பெரியநாயகி அம்மை பதிகம் பாடினார். தஞ்சைப் பெரிய கோயில் அம்மையின் பெயரும் பெரியநாயகியே. ஒரு பெயர் இரு சமயத்திலும் நின்று ஒலிக்கும் இவ்விடத்தில் தோன்றும் பொருட்செறிவு, பெயரின்றிப் பாடிய நூறு அடைமொழிகளில் தோன்றவில்லை என்பது என் கருத்து.

'சர்வ சமய' என்ற அடையும் ஆராய்தற்குரியது. இக்கீர்த்தனைகள் விளிப்பது படைத்துக் காக்கும் ஒரு முதல்வனை. படைப்புக் கடவுளைக் கொள்ளாத சமயங்கள் இந்நாட்டிற்குப் புதியனவல்ல. சமயக் கணக்கர் எல்லாரையும் வினவிப் பின் புத்த அறம் மேற்கொண்ட மணிமேகலை புகாரில் பிறந்தவள். முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கிய சூடாமணி விகாரம் நாகப்பட்டினத்தில் நின்றது. அவை பழங்கதை எனினும், தீபங்குடியிலும் மன்னார்குடியிலும் சமணர் கோயில்கள் இன்றும் உள்ளன. தீபங்குடிச் சமணர் ஒருவர் இந்நூலைக் கையிலெடுத்தால், முதற்பகுதித் துதிகளை விட்டுவிட்டு, குடும்பக் கீர்த்தனையிலிருந்துதான் பாடத் தொடங்க வேண்டியிருக்கும்.