தானாக விழும் புள்ளி

சித்தூரில் எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பை 2016-ல் வாங்கினோம். இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அப்பா அதில் தமிழ்99 விசைப்பலகையில் கோயில் தலவரலாறுகளைத் தட்டச்சு செய்து வைக்கிறார். மகளுக்குப் பள்ளிக்கூடம் தெலுங்கு, அவள் குறிப்புகளும் தெலுங்கு. நான் ஆங்கிலத்தில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு என்பது இந்த ஊரில் பல குடும்பங்களுக்குப் பழகிய வாழ்க்கை. ஆகவே எந்த இயங்குதளம் வந்தாலும் வேகத்தைப் பிறகுதான் பார்ப்பேன். மூன்று எழுத்தும் ஒழுங்காக விழவேண்டும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றன. கம்ப்யூட்டர் மறுநாளும் ஓடியது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. வங்கிக் கணக்கும் ஆதாரும் அதே பெட்டியில் திறக்கிற வீட்டில் அதை அப்படியே விட எனக்கு மனமில்லை.

விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்க்க மைக்ரோசாஃப்ட்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை ஓட்டினேன். முதல் முறை டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்றது. பயாஸுக்குள் போய், பாதுகாப்புப் பகுதியில் இன்டெல் பிடிடி என்ற பெயரில் அணைந்து கிடந்ததை இயக்கியதும் அந்தக் குறை தீர்ந்தது. செக்யூர் பூட்டும் சரியானது. பிராசஸர்தான் தேறவில்லை. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியல் தொடங்குகிறது. ரூஃபஸ் என்ற கருவியைக் கொண்டு அந்தச் சோதனையைத் தாண்டி நிறுவலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் தகுதியில்லாத கணினிக்குப் புதுப்பிப்பு வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. புதுப்பிப்புக்காகத்தானே இவ்வளவு பாடும்? அந்த வழியை விட்டுவிட்டேன்.

கடைசியில் தேர்ந்தெடுத்தது லினக்ஸ் மின்ட் 22.2, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. உபுண்டு 24.04 மீது கட்டியது, 2029 வரை புதுப்பிப்பு உண்டு, 4 ஜிபி ராம் போதும். இறக்கிய கோப்பை எட்சர் என்ற செயலி மூலம் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்தே கிளப்பினேன். நிறுவாமலே முழு இயங்குதளத்தையும் ஓட்டிப் பார்க்கலாம் என்பது இதன் பெரிய வசதி. வைஃபை, ஸ்பீக்கர், யூடியூப் எல்லாம் அங்கேயே சோதித்தேன். பிறகு 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, புதியதில் நிறுவினேன். பழைய விண்டோஸ் அப்படியே இருக்கிறது. தவறான பகிர்வை அழித்துவிடுவோமோ என்ற பயமே இல்லை. முதல் முறை மாறுகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த ஒரு வழிதான்.

எஸ்எஸ்டியின் புண்ணியத்தில் கணினி அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது. ஆனால் சோதனை அப்பா உட்கார்ந்த பிறகுதான் தொடங்கியது. விசைப்பலகை அமைப்பில் இந்திய மொழிகளுக்குக் கீழே தமிழ்நெட்’99 என்று இருந்தது. சேர்த்துக் கொடுத்தேன். இரண்டு வரி அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏம்பா, ‘பக்கம்’னு அடிச்சா ‘பககம்’னு வருது. புள்ளி எங்க போச்சு?”

தமிழ்99-ஐ 1999-ல் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. அதன் அழகே இந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. ‘க’வை இரண்டு முறை தட்டினால் முதல் ‘க’வுக்குப் புள்ளி தானாக விழும். ‘ங’வுக்குப் பின் ‘க’ வந்தாலும் அப்படியே. விரல் தனியாகப் புள்ளி விசையைத் தேடிப் போகவேண்டியதில்லை. மின்ட்டில் நான் சேர்த்தது வெறும் விசை வரைபடம். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதற்கு மேல் அதற்குத் தெரியாது, முன்னால் என்ன அடித்தோம் என்ற நினைவு அதற்குக் கிடையாது.

தீர்வு இருக்கிறது, சற்று உள்ளே. சாஃப்ட்வேர் மேனேஜரில் ‘ஐபஸ்-எம்17என்’ என்ற தொகுப்பை நிறுவவேண்டும். ‘இன்புட் மெத்தட்’ அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து திரும்ப நுழைந்து, ஐபஸ் விருப்பங்களில் தமிழுக்குக் கீழ் ‘தமிழ்99’ஐச் சேர்க்கவேண்டும். அப்பா மறுபடி ‘பக்கம்’ அடித்தார். புள்ளி விழுந்தது. அதே தொகுப்பில் தெலுங்குக்கு ஆர்டிஎஸ்ஸும் இருந்ததால், ஆங்கில எழுத்தில் அடித்துத் தெலுங்கு பெறும் மகளின் வழக்கமும் பிழைத்தது. இரண்டு தமிழ்99-இல் ஒன்று மட்டும் முழுமையானது என்பதை அமைப்புத் திரை எங்காவது ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். தெரியாதவர் முதல் பத்து நிமிடத்தில் லினக்ஸில் தமிழ் சரியில்லை என்று எழுந்து போய்விடுவார். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

அடுத்தது கடிகாரம். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப மாட்டி விண்டோஸுக்குள் போனால் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். மதர்போர்டின் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் கிரீன்விச் நேரமாக வைக்கிறது. நமக்கு அந்த இடைவெளி ஐந்தரை. திருமலை தரிசனத்துக்கான 300 ரூபாய் டிக்கெட் ஆன்லைனில் காலை 10 மணிக்குத் திறக்கும் நாளில் திரையில் 4.30 என்று காட்டினால் என்ன ஆகும்? லினக்ஸ் டெர்மினலில் ஒரே கட்டளையால் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடலாம். மாற்றினேன். அப்போதே மதர்போர்டின் பழைய சிஆர்2032 பட்டன் செல்லையும் மாற்றினேன். அது செத்திருந்தால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும், பிரவுசர் எந்தத் தளத்தையும் நம்பாமல் எச்சரிக்கை காட்டும். பத்து வயதுக் கணினியில் ‘இன்டர்நெட் வேலை செய்யவில்லை’ என்ற புகாருக்குப் பல நேரம் இந்தச் செல்தான் காரணம்.

விண்டோஸ் வட்டில் உள்ள கோப்புகளை மின்ட்டிலிருந்து திறக்க முடிந்தது, எழுத முடியவில்லை. விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணைத்ததும் சரியானது. அது புதிய செட்டிங்ஸில் நேராகக் கிடைக்காது. பழைய கன்ட்ரோல் பேனலில், பவர் பட்டன் என்ன செய்யவேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது.

எங்கள் லேசர் பிரிண்டர் மட்டும் இன்னும் மின்ட்டுக்குப் படியவில்லை. அச்செடுக்கும் நாளில் விண்டோஸுக்குத்தான் போகிறேன், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு.

இவ்வளவு சொன்ன நான் திருப்பதியில் இருக்கும் மாமாவின் கணினியில் லினக்ஸ் ஏற்றவில்லை. வீட்டிலேயே சொந்தபந்தங்களுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுப்பவர். தெலுங்குக்கு அனு ஸ்கிரிப்ட், பக்கத்துக்கு பேஜ்மேக்கர். இரண்டும் விண்டோஸ் சமாச்சாரம். அனு எழுத்துரு யூனிகோடும் அல்ல, வேறு இடத்தில் திறந்தால் எழுத்துகள் குப்பையாகத் தெரியும். அவருக்கு நான் செய்துகொடுத்தது விண்டோஸ் 10-இன் நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டம். கணினி 22எச்2 பதிப்பில் இருக்கவேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையவேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேர்வதற்கான இணைப்பு இருக்கிறது. அமைப்புகளை ஒன்டிரைவோடு ஒத்திசைக்க ஒப்புக்கொண்டால் காசு இல்லை, இல்லையென்றால் 30 டாலர் அல்லது 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள்.

“கூகுள் கணக்கு போதாதாடா?” என்று கேட்டார். போதாது மாமா, இதற்குத் தனிக் கணக்கு என்றேன். பாஸ்வேர்டைப் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொண்டார்.

அந்தத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை. அதற்குள் பழைய பத்திரிகைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பிடிஎஃப்பாக மாற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். தினமும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்தாகச் செய்கிறார். போன வாரம் என் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது.