திரும்பி நீந்திய கடல்

யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியில் ஒரு காலைப்பொழுது குந்தியிருந்தால் நீச்சலை ரசிக்கப் பழகிவிடலாம். மதிலில் ஏறித் தொப்பென்று குதிக்கிற பெடியங்கள்தான் முதலில் கண்ணில் படுவார்கள். அவர்களை விட்டுவிடுங்கள். ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், இந்தப் படிக்கும் அந்தச் சுவருக்கும் போய்வந்துகொண்டிருக்கிற வயதான மனிதர் ஒருவர் இருப்பார். கை தண்ணீருக்குள் போகும்போது சத்தம் வராது. மூச்செடுக்கத் தலை தூக்கமாட்டார். தோளோடு சேர்ந்து முகம் கொஞ்சம் சரியும், வாயின் ஒரு ஓரம் மட்டும் காற்றைத் தொட்டுவிட்டு மறையும். அரை மணி கழித்துப் பார்த்தாலும் அதே வேகம், அதே சரிவு.

எனக்கு நீச்சல் பழக்கியவர் பெரியப்பா, வடமராட்சிக் கடலில். நான் கையையும் காலையும் அடித்துக் களைத்து உப்புத்தண்ணீர் குடித்த நாளொன்றில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, தண்ணியோட சண்டை பிடிக்காதை. அது உன்னைத் தாங்கத்தான் பாக்குது. நீதான் உழக்கி உழக்கித் தாழுறாய்."

நெடுந்தூர நீச்சலின் இலக்கணம் முழுவதும் அந்த மூன்று வசனத்துக்குள் இருக்கிறது என்பது எனக்குப் பிடிபட வெகுகாலம் சென்றது. பிடிபட்டபிறகு நான் அண்ணாந்து பார்க்கிற மனிதர் ஒருவர்தான்: வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன். ஊர் அவரை ஆழிக்குமரன் என்றது.

கடலைத் தெருவாகப் பாவித்த ஊர் அது. அங்கே கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், அந்த ஊர் மாலுமிகளோடு அத்திலாந்திக்கைக் கடந்து 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954 இல் வல்வெட்டித்துறையில் இறங்கி, 27 மணித்தியாலம் நீந்திக் கோடியக்கரையில் ஏறினார். ஆனந்தன் அப்போது சிறுவன். கப்பலில் போகலாம், உடம்பாலும் போகலாம் என்று கண்டுவிட்ட கரையில் வளர்ந்தவர் அவர். 1971 இல் தலைமன்னாரிலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். அங்கே நிற்கவில்லை. திரும்பித் தலைமன்னாருக்கே நீந்தி வந்தார். போக 30, வர 30, ஏறத்தாழ 60 கிலோமீற்றர். எடுத்த நேரம் 51 மணித்தியாலம்.

வேகத்தை மட்டும் அளக்கிறவர்களுக்கு இது பெரிய கணக்காகத் தெரியாது. 2021 இல் ரொஷான் அபேசுந்தர இதே வழியை 28 மணித்தியாலத்துச் சொச்சத்தில் போய்வந்து, ஐம்பது வருடம் நின்ற சாதனையைத் தாண்டினார். அருமையான நீச்சல், அதில் சந்தேகமில்லை. என் மனம் மட்டும் அந்த 51 இலேயே நிற்கிறது. அதற்குள் எப்படிக் கணக்குப் பார்த்தாலும் இரண்டு இரவுகளின் இருட்டு அடங்கும். நிமிடத்துக்கு 50 தடவை கை வீசினார் என்று வைத்தால் ஒன்றரை இலட்சம் வீச்சு. வேகமாக நீந்துகிறவனுக்குக் கடல் சீக்கிரம் முடிந்துவிடும். மெதுவாக நீந்துகிறவன் அதற்குள் குடியிருக்க வேண்டும்.

அந்தக் குடியிருப்பு எப்படிப்பட்டது? பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். ஆழமில்லாததாலேயே காற்று கொஞ்சம் எழும்பினாலும் குட்டை அலை நெருக்கி நெருக்கி அடிக்கும். மூச்செடுக்கச் சரித்த வாய்க்குள் நேரே ஏறும். ஐந்தாறு மணித்தியாலத்தில் நாக்கு உப்பில் தடித்துவிடும், பிறகு தேத்தண்ணியும் ருசிக்காது. கை சுழல்கிற அக்குளிலும் முகம் திரும்புகிற கழுத்திலும் தோல் தோலோடு உரசிப் புண்ணாகும். அதற்குத்தான் நீந்துகிறவர்கள் இறங்குமுன் கிறீஸ் பூசிக்கொள்வது. பகலில் முதுகை வெயில் தின்னும். இரவில் சொறிமுட்டை தொட்டுவிட்டுப் போகும். தொட்டது எது என்று பார்க்க வெளிச்சமிருக்காது. கூடவே வள்ளம் வரும், அதில் ஆட்கள் இருப்பார்கள், சாப்பாடு நீட்டுவார்கள். வள்ளத்தைக் கையால் பிடித்தால் நீச்சல் அதோடு சரி. எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இளைப்பாற ஒரு விளிம்பு இரண்டு இரவும் கூடவே மிதந்து வருகிறது, அதைத் தொடக்கூடாது. சொறிமுட்டையைவிடக் கொடுமையானது அந்த விளிம்புதான் என்று நினைக்கிறேன்.

தென்னாபிரிக்க உடலியல் அறிஞர் டிம் நோக்ஸ் சொன்ன கருத்து ஒன்று உண்டு. தசை உண்மையில் தீர்ந்துபோவதற்கு வெகு முன்னரே மூளை "காணும்" என்று சொல்லத் தொடங்கிவிடுகிறது. களைப்பு என்பது பெரும்பாலும் காவற்காரன் போடுகிற சத்தம் என்பது அவர் வாதம். எல்லா விஞ்ஞானிகளும் ஒத்துக்கொண்டதில்லை. ஆனாலும் கரையிலிருந்து ஒரு மைல் உள்ளே போய்த் திரும்பியவனுக்குக்கூட அந்தச் சத்தம் தெரியும். எனக்கு அது எண்ணூறாவது யாரிலோ தொடங்கும். முதலில் தோள் கெஞ்சும், பிறகு நியாயம் பேசும், பிறகு வெருட்டும். வெருட்டையும் தாண்டி நாலு வீச்சுப் போட்டால் சத்தம் திடீரென்று அடங்கிவிடும். அந்த அமைதியில் நீந்துகிற ஆள் கொஞ்சம் வேறு ஆள். கரையேறினபிறகும் அவனில் ஒரு பங்கு மிஞ்சும். வீட்டில் கோபம் வருகிற நேரம் அவன் முன்னால் வந்து நிற்பான். ஒரு மைலுக்கே இப்படி என்றால், இரண்டு இரவு நீந்தியவருக்குள் எத்தனை ஆள் கடந்துபோயிருப்பார்கள்!

ஆனந்தன் அந்த அமைதியைத் தேடிக் கடலுக்கு மட்டும் போகவில்லை. சட்டம் படித்த மனிதர், 1979 இல் 187 மணித்தியாலத்துக்கு மேல் நிற்காமல் சைக்கிள் ஓடினார். 1980 இல் கொழும்பில் 33 மணித்தியாலம் ஒற்றைக்காலில் நின்றார். இந்தப் பட்டியலை வேடிக்கையாகச் சொல்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், எனக்கு அதில் உடன்பாடில்லை. மாமல்லபுரத்துப் பாறையில் ஒற்றைக்காலில், விலா எலும்பு தெரியக் கை தூக்கி நிற்கிறானே ஒருவன், அவன் பகீரதன்தான் என்பாரும் உண்டு, அருச்சுனன் என்பாரும் உண்டு. யாராயிருந்தாலும் சிற்பி செதுக்கியது ஓடுகிறவனை அல்ல, அசையாமல் தாங்குகிறவனை. எங்கள் மண் உடம்பை வருத்துவதை வெகுகாலமாகத் தவம் என்று அழைத்து வந்திருக்கிறது. ஆனந்தன் அதைக் கோயில் வீதியிலிருந்து எடுத்துத் திறந்தவெளிக்குக் கொண்டு வந்தவர்.

1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். அகலத்தில் அது தலைமன்னார்-தனுஷ்கோடி வழியைவிடப் பெரிதாக அதிகமில்லை, 33 கிலோமீற்றர் சொச்சம். ஆனால் கோடையிலும் 15, 18 பாகையில் நிற்கிற தண்ணீர். எங்கள் கடலோ வெதுவெதுப்பானது. இங்கே உப்பும் வெயிலும் நித்திரையும் எதிரி. அங்கே குளிர் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும், உடம்பின் சூட்டைச் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆனந்தன் கரை காணவில்லை. அந்த முயற்சியிலேயே உயிர் போனது. நாற்பத்தொரு வயது. காவற்காரன் போடுகிற சத்தம் சில இடத்தில் வெறும் சத்தமில்லை; அந்தச் சாவைத் தள்ளிவைத்துவிட்டு யாரும் இந்தக் கலையைப் புகழக்கூடாது.

அவர் வாழ்க்கையில் ஒரு காட்சியை நேரில் காணக் கொடுத்துவைத்திருந்தால் தலைமன்னாரில் ஏறிய கணத்தைக் கேட்கமாட்டேன். மாலையும் மேளமும் யாரும் ஊகிக்கக்கூடியது. தனுஷ்கோடியைக் கேட்பேன். 1964 புயல் விழுங்கிய ஊர், மணலும் இடிந்த சுவரும். இருவழி நீந்துகிறவனுக்கு ஆங்கிலக் கால்வாய் விதி கரையில் கொடுப்பது 10 நிமிடம். மணித்தியாலக்கணக்கில் படுத்தே கிடந்த உடம்பு திடீரென்று நிமிர்ந்தால் முழங்கால் சொன்னபடி கேளாது, தரை ஆடும். கால் புதைகிற சூடான மணல். எவரும் குறைசொல்ல முடியாத வெற்றி ஏற்கெனவே கையில். அந்த நிலையில் ஒரு மனிதர் கிழக்காக முகத்தைத் திருப்பி, கணுக்கால் அளவுத் தண்ணீருக்குள் மறுபடி அடி எடுத்து வைக்கிறார்.