வரம் அதேதான், எதிரி வேறு

இரண்டாம் பாகம் என்றாலே நாயகனின் பலத்தைக் கூட்டுவது வழக்கம். முதல் படத்தில் பத்துப் பேரை வீழ்த்தியவர் அடுத்ததில் ஒரு படையையே வீழ்த்துவார். கொல்கத்தா தந்த மாய நாயகர்கள் இருவர் இதற்கு விலக்கு. சத்யஜித் ராயின் ‘கூபி கைன் பாகா பைன்’ 1969-இல் வந்தது; அதன் தொடர்ச்சியான ‘ஹீரக் ராஜார் தேஷே’ 1980-இல். இடைப்பட்ட காலத்தில் கூபிக்கும் பாகாவுக்கும் ஒரு சக்திகூடக் கூடவில்லை. எதிரிதான் மாறினான்.

கதையின் வேர் ராயின் தாத்தா உபேந்திரகிஷோர் எழுதியது. கூபிக்குப் பாட வராது, பாகாவுக்கு மேளம் வராது. இருவரும் ஊரைவிட்டு விரட்டப்பட்டுக் காட்டில் சந்திக்கிறார்கள். பேய்களின் ராஜா மூன்று வரம் தருகிறார்: கேட்டதும் சோறும் துணியும், நினைத்த இடத்துக்குக் கொண்டுபோகும் செருப்பு, கேட்பவரை அப்படியே உறைய வைக்கும் இசை. இருவரும் கையோடு கை தட்டினால்தான் முதல் இரண்டு வரங்களும் பலிக்கும். ஒருவர் மட்டும் நாயகனாக முடியாது. கூபியாக வரும் தபேன் சட்டர்ஜியின் வெள்ளந்திச் சிரிப்பும் பாகாவாக வரும் ரபி கோஷின் துறுதுறுப்பும் இந்த விதியாலேயே ஒட்டிக்கொள்கின்றன.

முதல் படத்தின் சிகரம் பேய் நடனம். தமிழ்க் காதுக்கு அது இரட்டை விருந்து. பேச்சில்லை, பாட்டில்லை, தாளம் மட்டும். ராஜாப் பேய்களுக்கு மிருதங்கம், எளிய மக்களுக்குக் கஞ்சிரா, வெள்ளைக்காரர்களுக்குக் கடம், தொந்திக்காரர்களுக்கு மோர்சிங். நம் கச்சேரி மேடையின் தனி ஆவர்த்தனம் வங்கத்துக் காட்டில் உருவம் எடுத்து ஆடுகிறது. ஒவ்வொரு கூட்டமும் தனித்தனியே ஆடி, தங்களுக்குள் அடித்துக்கொண்டு, கடைசியில் நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு வரிசையில் சேர்ந்து ஆடும். கருப்பு வெள்ளையில் இதைவிடத் துல்லியமாகத் தாளத்தைக் கண்ணுக்குக் காட்டிய காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாம் படத்தில் இதற்கு ஈடான நடனம் கிடையாது. மேற்கு வங்க அரசின் தயாரிப்பில் வண்ணத்தில் வந்த அந்தப் படம் காதிலிருந்து நாவுக்கு இடம்பெயர்கிறது. வைர ராஜாவாக வரும் உத்பல் தத்தும் அவர் சபையும் எதுகை போட்டே பேசுகிறார்கள். பள்ளிக்கூடத்தை மூடுகிறார்கள், புத்தகங்களை எரிக்கிறார்கள். எதிர்த்துப் பேசும் உழவரையும் சுரங்கத் தொழிலாளியையும் ஓர் இயந்திர அறைக்குள் தள்ளி, அரசனைப் புகழும் செய்யுளை மூளையில் ஏற்றி அனுப்புகிறார்கள். விழா வருகிறதென்று ஏழைகளைக் கண்ணில் படாமல் அப்புறப்படுத்தும் காட்சி, நெருக்கடி நிலையைக் கண்ட தலைமுறைக்கு விளக்கம் தேவைப்படாதது. இத்தனை பேருக்கு நடுவில் எதுகையில்லாமல் பேசுகிறவர் சௌமித்ர சட்டர்ஜி நடித்த பள்ளி ஆசிரியர் உதயன் பண்டிதர் மட்டுமே. சொந்தமாகச் சிந்திப்பவரின் பேச்சு இப்படித்தான் இருக்கும் என்பதை ராய் வசன நடையிலேயே காட்டிவிடுகிறார்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ராயின் கணக்கு புலப்படும். முதல் படத்தில் ஷுண்டி நாட்டு மக்கள் பேச்சிழந்தவர்கள். இரண்டாவதில் சொல்லிக்கொடுத்ததை மட்டும் பேசுகிறவர்கள். முதலாவதில் மருந்து கொடுத்து ஒரு ராஜாவின் மனதைக் கெடுத்திருக்கிறார்கள். இரண்டாவதில் ஒரு ராஜா நாட்டின் மனதையே கெடுக்கிறான். அங்கே பசித்த படைவீரர்கள் வானத்திலிருந்து இனிப்புப் பானைகள் இறங்கியதும் போரை மறந்து ஓடினார்கள். இங்கே இனிப்பு போதாது. கூபியின் பாட்டு காவலரை உறைய வைக்கும், புலியையும் நிறுத்தும். ஆனால் மூளையில் ஏறிய பொய்யை இறக்க ஆசிரியரும் மாணவர்களும் வேண்டும். கடைசியில் அதே இயந்திரத்துக்குள் போய்வந்த ராஜா, மக்களோடு சேர்ந்து தன் சிலையைத் தானே கயிறு கட்டி இழுக்கிறான்.

கலையழகில் முதல் படம்தான் உயர்ந்தது; அந்தத் தாளமும் அந்தக் கள்ளமின்மையும் மறுமுறை வாய்க்கவில்லை. ஆனால் துணிவில் இரண்டாவது ஒரு படி மேலே நிற்கிறது. வரத்தின் எல்லையை ஒப்புக்கொண்டு, வெற்றியில் பாதியை ஒரு பள்ளி ஆசிரியருக்குப் பிரித்துக்கொடுத்த இரண்டாம் பாகம் அது. குழந்தைகளுக்கு முதலாவதைக் காட்டுங்கள். கேள்வி கேட்கும் வயது வந்ததும் இரண்டாவதைத் தவறாமல் காட்டுங்கள்.