பிரௌ, புருவம், நெற்றி

தாம்பரத்திற்கும் செங்கற்பட்டிற்கும் இடையே உள்ள சிங்கப்பெருமாள் கோவில், பாடலாத்திரி நரசிம்மர் எழுந்தருளிய குடைவரைத் தலம். ஆண்டு மூலவர்க்கு நெற்றியில் மூன்றாங்கண் உண்டு. தீபாராதனையின்போது அருச்சகர் திருமண் காப்பினை உயர்த்தி அதனைக் காட்டுவர். இத்தலம் பற்றிய ஆங்கிலக் குறிப்பொன்றைத் தமிழாக்கிய எம் மாணவர் ஒருவர், அக்கண்ணைப் 'புருவக்கண்' என்று எழுதிவிட்டார். மூலத்திலிருந்த சொல் 'பிரௌ' என்பது. இரண்டும் ஓரினச் சொற்கள் அல்லவோ என்பது அவர் விடை. அவ்விடையே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

'பிரௌ' என்பது வடமொழிப் 'ப்ரூ', கிரேக்க 'ஒஃப்ரூஸ்' ஆகியவற்றோடு ஓரினமாதல் மொழிநூலார் யாவர்க்கும் உடன்பாடு. நம் புருவத்தையும் அவ்வடசொல்லின் வழிவந்ததாகக் கொள்வாருளர். அது நிற்க. ஈண்டு வினா பிறப்பைப் பற்றியதன்று, பொருளைப் பற்றியது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் இமையையும் இமைமயிரையும் சுட்டிற்று. பின் மேலேறிப் புருவமாயிற்று. மேலும் ஏறி நெற்றியாயிற்று. மலைச்சரிவின் மேல்விளிம்பையும் இன்று அது குறிக்கும். சொல் நெற்றிக்கு ஏறிவிட்டமையின், புருவத்தைத் தெளிவாகச் சுட்டக் 'கண்' என்னும் அடையை முன்சேர்த்து 'ஐபிரௌ' என வழங்க வேண்டியதாயிற்று. நம் புருவமோ முகத்தில் தன் இடம் பெயர்ந்ததில்லை. ஆகவே ஒலியொப்புமை கொண்டு பொருளொப்புமை துணிதல் பிழையாம்.

'பிரௌ'வைப் போல் இடம் பெயர்ந்த சொல் தமிழில் உண்டெனின், அது 'நெற்றி' என்பதே எம் கருத்து. கன்னடத்தும் தெலுங்கினும் 'நெத்தி' என்பது உச்சந்தலையைக் குறிக்கும். நெற்றிக்கு அவ்விரு மொழியும் முறையே 'நொசல்', 'நொசலு' என வழங்கும். இவை நம் 'நுதல்' என்பதன் இனம். சங்கச் செய்யுட்களில் மகளிர் முகம் புனையுமிடத்தும் பசலை கூறுமிடத்தும் நுதலே பெருவழக்கு. 'நன்னுதல்', 'ஒண்ணுதல்' என அன்மொழித்தொகையாய் நின்று அது மகளிரையே குறித்தலும் காண்க. மலையுச்சியை 'நெற்றி' என்னும் வழக்கும் தமிழில் உண்டு. இவற்றை ஒருங்குவைத்து நோக்கின், நெற்றி முதற்கண் உச்சியைச் சுட்டிப் பின் முன்னோக்கி இறங்கி, நுதலின் இடத்தைக் கைப்பற்றியது எனல் பொருந்தும்.

மலையாளத்தும் 'நெற்றி' என்றே வழங்குகின்றதே எனின், அம்மொழி தமிழோடு நெடிது ஒன்றியிருந்து பிரிந்தமையின் அதனைத் தனிச்சான்றாகக் கொள்ளல் ஆகாது என்க. ஆங்கிலச் சொல் கீழிருந்து மேலேறிற்று. தமிழ்ச்சொல் மேலிருந்து கீழிறங்கிற்று. இரண்டும் வந்து கூடிய இடம் ஒன்றே.

நெற்றிக்கு இடம்விட்ட நுதல் பேச்சு வழக்கினின்று நீங்கிற்று. ஆயினும் உரையாசிரியர் சூத்திரக் கருத்துரைக்கத் தொடங்குங்கால் 'நுதலிற்று' என்பர். நினைவின் இருப்பிடம் நெற்றியாதலின் கருதுதற் பொருளில் 'நுதலுதல்' பிறந்தது என்பாரும் உண்டு. கேட்க இனிதேயாயினும், வினையும் பெயரும் ஒலியால் ஒத்தல் ஒன்றே அதற்குச் சான்றாகாது. மாணவர்க்கு யாம் சொன்ன தடை எமக்கும் ஒக்கும்.

மொழிபெயர்ப்பில் இவ்வேறுபாடு சிறிதன்று. 'மலையின் புருவம்', 'புருவ வேர்வை' என்னும் தொடர்களையும் மாணவர் ஏடுகளில் கண்டிருக்கின்றோம். முன்னதற்கு 'மலைநெற்றி' என்னும் தொடர் கைவசம் இருக்கின்றது. சிவபெருமானைக் 'கண்ணுதல்' என்றது பழைய வழக்காதலின், நரசிம்மரின் கண்ணை 'நுதற்கண்' எனினும் இழுக்கின்று. 'நெற்றிக்கண்' என்பதோ அவ்வூரார் நாவில் உள்ள சொல். மாணவர் தம் படியில் அதனையே திருத்தி எழுதினார்.